பிள்ளைங்க போற வழியில வகுப்பை கொண்டுபோறது எப்படி? பிரீஸ்கூல் டீச்சருங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

சேலம் அம்மாபேட்டைல எங்க வீட்டு கீழ்போர்ஷன்ல 11 வருஷமா ஒரு சின்ன பிரீஸ்கூல் நடத்திட்டு வரேங்க. மூணு வயசுல இருந்து அஞ்சு வயசு வரைக்கும் 18 பிள்ளைங்க, நானு, கூட ஒரு ஆயாம்மா, அவ்வளவுதான். சுத்தி தறிக்காரங்க வீடு, கொலுசு வேலை செய்யற வீடு, மார்க்கெட்ல மண்டி வெச்சிருக்கறவங்க வீடு. டீச்சர் வேலை பழக எங்ககிட்ட வர்ற பொண்ணுங்க முதல் வாரமே கேக்கற கேள்வி ஒண்ணு இருக்கு, "மிஸ், பிள்ளைங்க இஷ்டப்படி கத்துக்கறதுன்னா சும்மா விளையாட விட்டுட்டு நாம உக்காந்துக்கறதா?"ன்னு. அவங்களுக்கு வாய்ல சொல்லி சொல்லி அலுத்துப்போய்தான் இதை உக்காந்து டைப் பண்றேன், கொஞ்சம் நீளமாத்தான் வரும், பொறுமையா படிங்க.

ஒரே விஷயம் மனசுல வெச்சுக்கோங்க. இந்த முறையில டீச்சருக்கு வேலை குறையாது, வேலையோட நேரம்தான் மாறும். பாதி வேலை பிள்ளைங்க வர்றதுக்கு முன்னாடி, மீதி வேலை அவங்க வீட்டுக்கு போனப்புறம். நடுவுல அவங்க இருக்கற மூணு மணி நேரம் நம்ம கண்ணும் காதும்தான் அதிகமா உழைக்கணும், வாய் கம்மியா.

நான் இதுக்கு வந்த கதைய சொல்லிடறேன். முன்னாடி வேற ஒரு ஸ்கூல்ல வேலை பாத்தேன். அங்க வருஷத்துக்கும் தீம் சார்ட் முன்கூட்டியே வந்துரும், ஜனவரி ரெண்டாவது வாரம்னா "விண்டர் சீசன்", எல்லா பிள்ளையும் பஞ்சு ஒட்டி பனிமனிதன் செய்யணும். சேலத்துல ஜனவரில மத்தியானம் வெயில் மண்டையை பொளக்கும், அது வேற. அப்ப ஒரு பாப்பா பஞ்சை கையில வெச்சு பிச்சு பிச்சு பாத்துட்டு "மிஸ், இது எங்க தாத்தா தலகாணிக்கு அடைக்கற பஞ்சா? எங்க வீட்டுல மரம் இருக்கு, காய் வெடிச்சா பறக்கும்"னு சொல்லுச்சு. நான் என்ன சொன்னேன் தெரியுமா, "பேசாம ஒட்டு கண்ணு, நேரமாச்சு". அந்த முகம் சுருங்கினது இன்னிக்கும் கண்ணுல நிக்குது. இலவ மரம், காய், விதை, காத்து, தாத்தா, இத்தனையும் அந்த பிள்ளை கையில இருந்துச்சு, நான் பனிமனிதன் பக்கம் இழுத்துட்டு போயிட்டேன்.

முதல்ல ரூமை சரி பண்ணுங்க

இது ஒண்ணும் புது கண்டுபிடிப்பு இல்ல. மரியா மாண்டிசோரி 1907ல ரோம்ல சான் லொரென்சோங்கற உழைக்கற ஜனங்க வாழ்ந்த பகுதியிலதான் முதல் வகுப்பை ஆரம்பிச்சாங்க. அவங்க டாக்டர். பிள்ளைங்க உயரத்துக்கு அலமாரி, பிள்ளைங்க தூக்கற எடையில நாற்காலி, எடுத்த பொருளை எடுத்த இடத்துல வெக்கறது, எல்லாம் அங்க இருந்து வந்தது. 1939ல அவங்க மெட்ராஸ் அடையாறுக்கு வந்து, உலகப்போர் நடுவுல மாட்டிக்கிட்டு, 1946 வரைக்கும் இந்தியாவுலயே இருந்து டீச்சருங்களுக்கு பயிற்சி குடுத்தாங்க, நடுவுல கொடைக்கானல்லயும் இருந்தாங்க. அதுக்கும் முன்னாடியே 1920ல குஜராத்ல பாவ்நகர்ல கிஜுபாய் பதேக்காங்கற கல்வியாளர் அதே முறைய நம்ம ஊரு கதை, பாட்டு, நம்ம ஊரு பொருளோட சேத்து பாலமந்திர்னு சின்ன பிள்ளைங்க பள்ளி நடத்தினாரு. ஆகையால ஆயிரக்கணக்குல காசு போட்டு இறக்குமதி சாமான் வாங்கினாத்தான் முடியும்னு யாரும் பயப்பட வேண்டாம்.

என் ரூம்ல இருக்கறது இதுதான். பிள்ளைங்க இடுப்பு உயரத்துக்கு மூணு திறந்த அலமாரி, ஒவ்வொண்ணுலயும் ஆறு ஏழு பொருளுக்கு மேல வெக்க மாட்டேன். இதை திரும்ப சொல்றேன், கம்மியா வெய்யுங்க. அலமாரி நிறைய பொம்மை இருந்தா பிள்ளைங்க எதையும் முழுசா பண்ணாம கொட்டிட்டு கொட்டிட்டு அடுத்ததுக்கு போகும், நாமளும் பொறுக்கிட்டே இருப்போம். ஒவ்வொரு பொருளும் தனித்தனி தட்டுலயோ மூங்கில் கூடையிலயோ இருக்கணும், அலமாரில அது இருக்கற இடத்துல அதோட படத்தை ஒட்டிருங்க, படிக்கத் தெரியாத பிள்ளைக்கும் எங்க வெக்கணும்னு தெரியும். ஒரு ஆளுக்கு ஒரு சின்ன கோரைப்பாய், பாய் விரிச்சா அது அவங்க இடம், கேக்காம யாரும் கை வெக்கக்கூடாது. இந்த பாய் ஒண்ணு வந்தப்புறம் பாதி சண்டை குறைஞ்சுது.

பொருள்னு பாத்தா ரெண்டு சின்ன சொம்பும் ஒரு தட்டும், ஒண்ணுல இருந்து ஒண்ணுக்கு தண்ணி ஊத்தறதுக்கு. இடுக்கியும் புளியங்கொட்டையும். மரக்கட்டை. பித்தளை பூட்டு நாலு, சாவி நாலு, எந்த சாவி எதுக்குன்னு தேடறதுக்கு. தறி வீட்டுல இருந்து மிச்ச நூல், அட்டைல வெட்டின சின்ன தறி. சவ்வரிசி, அது நம்ம ஊருக்குன்னே பொறந்த சாமான், கொட்டலாம் அளக்கலாம், தண்ணில ஊற வெச்சு மறுநாள் பெருசா ஆனதை பாத்து வாய பொளக்கலாம். வெளிய ஒரு மண் தொட்டி, ஒரு தண்ணி டப்.

இங்கயே பாதுகாப்பையும் சொல்லிடறேன், இதுல மட்டும் பிள்ளைங்க இஷ்டம் கிடையாது, நம்ம கண்டிப்புதான். மூணு வயசுக்கு கீழ இருக்கற பிள்ளைங்க கைக்கு பருப்பு, மணி, கொட்டை எதுவும் எட்டவே கூடாது, அதுக்கு மேல வயசு பிள்ளைங்களுக்கும் நாம பக்கத்துல இருக்கறப்ப மட்டும்தான், மூக்குல காதுல போட்டுக்குவாங்க. குன்றிமணி பாக்க அழகா இருக்குன்னு எண்ணறதுக்கு வெக்கற டீச்சரை நானே பாத்திருக்கேன், தயவுசெஞ்சு வெக்காதீங்க, அது கொடிய விஷம். அரளி, ஊமத்தை ரெண்டும் காம்பவுண்டுக்குள்ள இருந்தா இன்னிக்கே புடுங்கி எறிங்க. தண்ணி டப்பு வேலை முடிஞ்சதும் கவுத்து வெக்கணும், நாலு விரக்கடை தண்ணி போதும் சின்ன பிள்ளைக்கு ஆபத்து வர.

ஒரு நாள் எப்படி ஓடும்

9.15க்கு வருவாங்க, செருப்பை கழட்டி அவங்கவங்க படம் ஒட்டின இடத்துல வெச்சுட்டு, பைய மாட்டிட்டு, நேரா அலமாரிக்கு போகலாம். 9.30ல இருந்து 10.45 வரைக்கும் தடையே இல்லாத நேரம். நடுவுல பெல் கிடையாது, "எல்லாரும் இங்க பாருங்க" கிடையாது. மாண்டிசோரி மூணு மணி நேரம் விடணும்னு சொல்லுவாங்க, எங்களுக்கு ஒண்ணேகால் மணிதான் தோதா வருது, ஆனா அந்த ஒண்ணேகால் மணிய யார் வந்தாலும் விட்டுக்குடுக்க மாட்டேன். முதல் இருபது நிமிஷம் பிள்ளைங்க அலைபாய்வாங்க, சத்தமா இருக்கும், புது டீச்சருக்கு பதறும், "மிஸ் கன்ட்ரோல் போகுது"ம்பாங்க. பொறுங்க. அரை மணி தாண்டினா தானா ஒரு அமைதி வரும், ஒவ்வொண்ணும் ஒவ்வொண்ணுல மூழ்கும். அதுக்கு முன்னாடி நாம தட்டி உக்கார வெச்சுட்டா அந்த அமைதிய பாக்கவே முடியாது.

அப்புறம் கை கழுவி, பாய் போட்டு, ஸ்நாக்ஸ். தட்டை அவங்களே வெப்பாங்க, வாழைப்பழம் அவங்களே உரிப்பாங்க, பால் அவங்களே ஊத்துவாங்க, சிந்தினா துணி எங்க இருக்குன்னு அவங்களுக்கே தெரியும். இதுவும் பாடம்தாங்க. 11.15ல இருந்து வெளிய, 11.50க்கு பாட்டு கதை, 12.30க்கு வீடு. வரிசை மட்டும் தினமும் மாறவே கூடாது, அடுத்து என்ன வரும்னு தெரிஞ்ச பிள்ளைதான் தைரியமா எதையாவது ஆரம்பிக்கும்.

ஜூன்ல முதல் ரெண்டு வாரம் இதெல்லாம் எதிர்பாக்காதீங்க. அழுகைதான். அம்மாவை ஒளிஞ்சு ஓட விடாதீங்க, "அம்மா போயிட்டு 12.30க்கு வரேன் சாமி"ன்னு பிள்ளை முகத்தை பாத்து சொல்லிட்டு போகணும், அழுதாலும் பரவால்ல. ஒளிஞ்சு போனா அந்த பிள்ளை மறுநாள் முழுக்க வாசலையே பாத்துட்டு நிக்கும், பின்ன எங்க இருந்து கத்துக்கறது. அம்மாவோட பழைய புடவைத் துண்டு ஒண்ணு பைல குடுத்து அனுப்ப சொல்லுவேன், நாலஞ்சு பிள்ளைங்களுக்கு அது நல்லா கேட்டிருக்கு.

நோட்டு எழுதற பழக்கம்

இந்த முறைக்கு உசுரே இதுலதான் இருக்கு. ஏப்ரன் பாக்கெட்ல ஒரு சின்ன நோட்டு, ஒரு பென்சில். ஒரு நாளைக்கு மூணு பிள்ளைங்களை மட்டும் எடுத்துக்கோங்க, 18 பேரையும் எழுதப்போனா யாரையும் பாக்க மாட்டீங்க. ஆறு நாள்ல ஒரு சுத்து வந்துரும்.

எழுதறதுலதான் விஷயம் இருக்கு. "ரொம்ப சேட்டை, ஒரு இடத்துல உக்கார மாட்டான்"னு எழுதினா அது நம்ம அபிப்பிராயம், அதை வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது. "பலகைய நாற்காலில சாய்ச்சு வெச்சு லாரிய ஏழு தடவை விட்டான், மூணாவது தடவைக்கப்புறம் பலகைய இன்னும் உயத்தினான், லாரி கவுந்துச்சு, திரும்ப கொஞ்சம் இறக்கினான்"னு எழுதுங்க. ரெண்டும் ஒரே பையன், ஒரே நாள். முதலாவதை படிச்சா அவனை மாத்தணும்னு தோணும், ரெண்டாவதை படிச்சா நாளைக்கு இன்னொரு நீளமான பலகையும், ஒரு சாக்கும், ஒரு வழுவழு அட்டையும் அந்த மூலைல வெக்கணும்னு தோணும். நான் அப்படித்தான் வெச்சேன், சாக்கு மேல ஏன் லாரி மெதுவா போகுதுன்னு அவனே கேட்டான்.

சாயங்காலம் ஆயாம்மாவோட உக்காந்து பத்து நிமிஷம் பேசுவேன். நான் பாக்காததை அவங்க பாத்திருப்பாங்க, முக்கியமா கை கழுவற இடத்துல, செருப்பு போடற இடத்துல நடக்கற பேச்செல்லாம் அவங்க காதுலதான் விழும். ஆயாம்மாவை பெருக்க மட்டும் வெச்சிருக்கற ஸ்கூல் பாதி தகவலை தொலைக்குது.

ஆர்வத்தை எப்படி பிடிக்கறது: தட்டுவடை கடை

சொன்னா புரியாது, நடந்ததை அப்படியே எழுதறேன். போன வருஷம் ஆடி மாசம், கோட்டை மாரியம்மன் பண்டிகை முடிஞ்ச வாரம். நாலு வயசு பாப்பா ஒண்ணு ரெண்டு வட்ட அட்டைய எடுத்து, நடுவுல பச்சை நூல பிச்சு வெச்சு அமுக்கி, பக்கத்துல இருந்தவனை பாத்து "காரமா, மீடியமா?"ன்னு கேட்டுச்சு. சேலத்துக்காரங்களுக்கு சொல்லவே வேண்டாம், தட்டுவடை செட்டு, தட்டைக்கு நடுவுல சட்னியும் துருவின காயும் வெச்சு தர்ற எங்க ஊரு தீனி.

நான் வாய தொறக்கல. "ஓ, கடை விளையாட்டா, வாங்க எல்லாரும் விளையாடலாம்"னு சொல்லியிருந்தா அது அன்னிக்கே என் விளையாட்டா ஆகியிருக்கும். நோட்டுல மட்டும் எழுதினேன். மறுநாள் காலைல அந்த மூலைல கூட நாலு பொருள் வெச்சேன், சதுரமா வெட்டின பேப்பர், ஆரஞ்சு நூலு சிவப்பு நூலு, ஒரு கரண்டி, கவுத்து வெச்ச ஒரு அட்டைப்பெட்டி. யார்கிட்டயும் எதுவும் சொல்லல. பத்து மணிக்கு மூணு பேர் அங்க இருந்தாங்க.

நாலாவது நாள் சண்டை. ஒரு செட்டுக்கு எத்தனை தட்டை? ஒருத்தி ஒண்ணுங்கறா, இன்னொருத்தன் ரெண்டுங்கறான், அழுகை வர்ற அளவுக்கு போயிருச்சு. பதில் எனக்கு தெரியும்தானே, ஆனா சொல்லல, "வீட்டுல கேட்டுட்டு வரீங்களா?"ன்னேன். மறுநாள் எட்டு வீட்டுல இருந்து பதில் வந்துச்சு, ஒரு பாட்டி, தட்டைய நொறுக்கி கலக்கற நொறுக்கல் எப்படி போடறதுன்னும் சேத்து சொல்லி அனுப்பியிருந்தாங்க. தெருமுனைல கடை போடற அண்ணாகிட்ட கேட்டேன், அவரு ஒரு நாள் காலைல சாமானோட வந்து பிள்ளைங்க முன்னாடி மெதுவா செஞ்சு காட்டினாரு, கீழ ஒரு தட்டை, சட்னி, துருவின கேரட் பீட்ரூட் வெங்காயம், மேல ஒரு தட்டை, லேசா ஒரு அமுக்கு. கேரட்டை பிள்ளைங்கதான் துருவினாங்க, ஆயாம்மா கைய பிடிச்சுக்கிட்டு, ஒருத்தர் ஒருத்தரா. காரம் போடாம ஆளுக்கு ஒண்ணு சாப்ட்டாங்க.

அப்புறம்தான் கணக்கு வந்துச்சு, நான் கூப்பிடாமயே. ஆறு பேருக்கு ஆறு செட்டு, தட்டை எத்தனை வேணும்? அந்த பாப்பா ஆறு பேப்பர் விரிச்சு, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு ரெண்டா வெச்சு, விரலால தொட்டு தொட்டு பன்னெண்டு வரைக்கும் எண்ணுச்சு. பக்கத்துல இருந்த பையன் எண்ணவே இல்ல, முதல்ல எல்லா பேப்பர்லயும் ஒண்ணு வெச்சுட்டு வந்தான், திரும்ப ஒரு ரவுண்டு வந்தான், "சரியா போச்சு"ன்னான். ரெண்டும் ரெண்டு விதமான யோசனை, ரெண்டும் சரி. போர்டுல "2 x 6" எழுதி ஒப்பிக்க வெச்சிருந்தா இந்த ரெண்டு யோசனையும் எனக்கு தெரிஞ்சிருக்கவே போறதில்ல.

எனக்கு கண்ணு கலங்கினது வேற ஒண்ணுக்கு. வீட்டுல சௌராஷ்டிரா பேசற பையன் ஒருத்தன், சேந்ததுல இருந்து ரெண்டு மாசம் வகுப்புல ஒரு வார்த்தை பேசினதில்ல. கல்லாவுல உக்காந்துக்கிட்டான், புளியங்கொட்டைதான் காசு. ஒரு நாள் ஒருத்தி பெரிய அட்டைய ரூபா நோட்டுன்னு நீட்டினா. அவன் டப்பாவ குலுக்கி பாத்துட்டு சத்தமா சொன்னான், "சில்லறை இல்ல, நாளைக்கு வாங்க." அதுதான் எங்க வகுப்புல அவன் பேசின முதல் பேச்சு.

கடைக்கு பேர் வேணும்னு அந்த பாப்பாவே வந்து கேட்டுச்சு, "கடைன்னு எப்படி எழுதறது மிஸ்?". நான் ஒரு துண்டு பேப்பர்ல எழுதி குடுத்தேன். பாத்து பாத்து எழுதுச்சு, "க" சரியா வந்துச்சு, "டை" திரும்பி நின்னுச்சு. அப்படியே ஒட்டினோம், நான் திருத்தல. நாலு நாள் கழிச்சு அதுவே பாத்துட்டு இது தப்பா இருக்குன்னு வேற எழுதி ஒட்டுச்சு.

மூணாவது வாரம் கடை ஈ ஓட்டுச்சு. இங்கதான் நிறைய டீச்சர் தப்பு பண்றது, நல்லா போயிட்டு இருக்குன்னு இழுத்து பிடிப்பாங்க. விட்டுருங்க. கல்லாவா இருந்த பெட்டிய ரெண்டு பசங்க பஸ்ஸா மாத்தினாங்க, எந்த பஸ்ஸுன்னா ஏற்காடு பஸ்ஸு. அந்த ரோட்டுல 20 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போர்டு இருக்கும், அடிவாரத்துல இருந்து கண்டக்டர் ஒண்ணு ரெண்டுன்னு கத்த, பின்னாடி பத்து பிள்ளைங்க இந்தப்பக்கம் அந்தப்பக்கம் சாய, பதினொண்ணாவது வளைவுல யாராச்சும் ஒருத்தருக்கு கண்டிப்பா வாந்தி வரும். இருபது வரைக்கும் எண்ணறதை நான் சொல்லித்தரல, அந்த பஸ்ஸு சொல்லித்தந்துச்சு.

கேள்வி கேக்கறதும் காத்திருக்கறதும்

பதில் தெரிஞ்ச கேள்விய கேக்காதீங்க. "இது என்ன கலர்?"னு கேட்டா பிள்ளைக்கு அது பரிட்சைன்னு புரிஞ்சுரும். "எப்படி இதை நிக்க வெச்சே?", "இன்னும் ஒண்ணு மேல வெச்சா என்ன ஆகும்னு நெனக்கறே?", "எனக்கு இது புரியல, காட்டறியா?" இந்த மாதிரி. கேட்டுட்டு காத்திருங்க. மேரி பட் ரோன்னு ஒரு அம்மா அமெரிக்காவுல வகுப்புகளை ரெக்கார்ட் பண்ணி பாத்தாங்க, டீச்சருங்க கேள்வி கேட்டுட்டு சராசரியா ஒரு செகண்டுதான் காத்திருக்காங்க, அதை மூணு செகண்டுக்கு மேல நீட்டினா பிள்ளைங்க பதில் நீளமா வருது, பேசாத பிள்ளைங்களும் பேசுதுன்னு 1970கள்ல எழுதினாங்க. நம்ம மூணு வயசு பிள்ளைக்கு நான் மனசுக்குள்ள பத்து எண்ணுவேன். முதல் தடவை பண்றப்ப அந்த பத்து எண்ணறது ரொம்ப நீளமா தெரியும், பழகிரும்.

பாராட்டும் அப்படித்தான். எதுக்கெடுத்தாலும் "வெரி குட்"னா பிள்ளை நம்ம முகத்தை பாத்துட்டு வேலை செய்ய ஆரம்பிச்சுரும். "அடியில பெரிய கட்டை வெச்சிருக்கே, அதான் விழல"ன்னு பாத்ததை சொல்லுங்க, போதும்.

சண்டை வந்தா நேரா தீர்ப்பு சொல்லாதீங்க. கீழ உக்காருங்க, சண்டைக்கான பொருளை நாம கையில வாங்கி வெச்சுக்கணும், ரெண்டு பேர் சொல்றதையும் கேட்டு திருப்பி சொல்லணும், "உனக்கு லாரி வேணும், உனக்கும் லாரி வேணும், ஒரு லாரிதான் இருக்கு, என்ன பண்ணலாம்?". எங்க வகுப்புல பிள்ளைங்களே கண்டுபிடிச்ச வழி, ஒரு பாட்டு முழுசா பாடி முடியற வரைக்கும் ஒருத்தர் வெச்சுக்கறது. பக்கத்துல நின்னு வேகவேகமா பாடுவாங்க, அது வேற விஷயம். அடிக்கறது கடிக்கறது மட்டும் உடனே நிறுத்தணும், அதுல பேச்சே இல்ல, முதல்ல அடிபட்ட பிள்ளை, அப்புறம்தான் அடிச்ச பிள்ளை.

எழுத்து எப்ப?

எல்லா பெத்தவங்களும் கேக்கற கேள்வி. மணிக்கட்டுல 8 சின்ன எலும்பு இருக்கு, பொறக்கறப்ப அது குருத்தெலும்பாத்தான் இருக்கும், ஒவ்வொண்ணா கெட்டியாக பல வருஷம் ஆகும். மூணு வயசு பிள்ளை கையில பென்சில குடுத்து நாலு கோட்டு நோட்டுல ஒரு பக்கம் எழுதுன்னா அது கை வலியத்தான் கத்துக்கும். அதுக்கு பதிலா மாவு பிசையறது, இடுக்கில எடுக்கறது, நூல் கோக்கறது, துணி பிழியறது, வாசல்ல சாக்பீஸ்ல புள்ளி வெச்சு கோலம் இழுக்கறது, இதெல்லாம் அந்த விரலுக்கான வேலைதான். விஜயதசமிக்கு தட்டுல அரிசிய பரப்பி விரலால எழுத வெக்கறோமே, அது எவ்வளவு அருமையான முறை, அதை ஏன் ஒரே நாளோட நிறுத்தணும்? எங்க அலமாரில வருஷம் பூரா ஒரு அரிசித்தட்டு இருக்கும்.

வீட்டு பாஷைய விடாதீங்க. அம்மாபேட்டை பக்கம் தமிழ், தெலுங்கு, கன்னடம், சௌராஷ்டிரா எல்லாம் ஒரே தெருவுல கேக்கும். தண்ணிய "நீள்ளு"ன்னு சொல்ற பாப்பாவை "தண்ணின்னு சொல்லு"ன்னு நிறுத்தாம, "ஓ, நீள்ளு வேணுமா, இந்தா தண்ணி"ன்னு குடுங்க. 2020 தேசிய கல்விக் கொள்கையும், 2022ல வந்த அடிப்படை நிலைக்கான, அதாவது சின்ன பிள்ளைங்க வகுப்புக்கான, தேசிய கலைத்திட்டமும் வீட்டு மொழியிலதான் ஆரம்பிக்கணும்னு சொல்லுது, மூணு வயசுல இருந்து ஆறு வயசு வரைக்கும் டெஸ்ட், எக்ஸாம் வெக்கறது பொருந்தவே பொருந்தாதுன்னும் அதே கலைத்திட்டம் சொல்லுது. இதை பிரின்ட் எடுத்து வெச்சுக்கோங்க, பெத்தவங்ககிட்ட பேச உதவும்.

பெத்தவங்ககிட்ட

"எதிர்வீட்டு பையன் ரெண்டாம் வாய்ப்பாடு சொல்றான் மிஸ், எங்க பொண்ணு மண்ணுலயே விளையாடுது"ன்னு வருவாங்க. அவங்க மேல கோவப்படாதீங்க. தறில நின்னு சம்பாதிச்ச காசை ஃபீஸா கட்டறாங்க, பயம் நியாயமான பயம். விளக்கம் குடுக்காதீங்க, நோட்டை எடுங்க. "பாருங்கம்மா, ஜூன்ல ரெண்டு நிமிஷம் உக்காரல, இப்ப 40 நிமிஷம் பூட்டு சாவிய வெச்சு எது எதுக்குன்னு கண்டுபிடிச்சிருக்கா"ன்னு தேதியோட காட்டுங்க. மாசத்துக்கு ஒரு சனிக்கிழமை ரெண்டு பெத்தவங்களை ஒரு மணி நேரம் மூலைல உக்காந்து பாக்க சொல்லுவேன், ஒரே கண்டிஷன், யாருக்கும் உதவி பண்ணக்கூடாது. ஒரு அப்பா, வெள்ளிப்பட்டறைல வேலை செய்யறவரு, தன் பையன் இடுக்கியால நூத்துக்கும் மேல சவ்வரிசிய ஒவ்வொண்ணா எடுத்து வெக்கறதை பாத்துட்டு "இது எங்க வேலைங்க"ன்னாரு. அதுக்கப்புறம் அவரு ஹோம்வொர்க் கேக்கல, சின்ன இடுக்கி ரெண்டு செஞ்சு குடுத்து அனுப்பினாரு.

அங்கன்வாடில வேலை பாக்கற அக்காங்களுக்கு ஒரு வார்த்தை. சமையல், எடை போடறது, ரெஜிஸ்டர், எல்லாத்துக்கும் நடுவுல இதெல்லாம் எங்க முடியும்னு கேப்பீங்க, நியாயம்தான். எல்லாத்தையும் பண்ண வேண்டாம். ஒரு மூலைல நாலு தட்டு, தினமும் முக்கால் மணி நேரம் தடையில்லாம, ஒரு நாளைக்கு ஒரே ஒரு பிள்ளைய பத்தி மூணு வரி நோட்டு. உங்ககிட்ட அங்கன்வாடி பாடத்திட்டம் "ஆடிப் பாடி விளையாடு பாப்பா" இருக்கு, பாட்டும் கதையும் அதுலயே இருக்கு. இதை மட்டும் ஒரு மாசம் பண்ணி பாருங்க.

வெள்ளிக்கிழமை வேலை

வாரக் கடைசில அரை மணி நேரம் ஒதுக்குங்க. வாரம் பூரா யாரும் தொடாத தட்டை எடுத்து உள்ள வெய்யுங்க, தொலைஞ்ச துண்டு இருக்கற புதிரை எடுத்துருங்க, உடைஞ்ச பொருள் அலமாரில இருக்கவே கூடாது. நோட்டை முதல்ல இருந்து படிச்சு, ரெண்டு மூணு பேர் பேர்ல ஒரே விஷயம் வருதான்னு பாருங்க, வந்தா அதுக்கு மட்டும் ரெண்டு பொருள் புதுசா வெக்கணும், அதுக்கு மேல வேண்டாம்.

இந்த வாரம் என் நோட்டுல நாலு பிள்ளைங்க பேர்ல எறும்புன்னு இருக்கு. நேத்து மழை விட்டதும் செம்பருத்தி செடி அடியில குத்த வெச்சு, எறும்பெல்லாம் எங்க போகுதுன்னு கால் மணி நேரம் எழவே இல்ல. திங்கக்கிழமைக்கு பூதக்கண்ணாடி ரெண்டு, வெள்ளை அட்டை ஒண்ணு, சின்ன கிண்ணத்துல கொஞ்சம் சர்க்கரை, இன்னொண்ணுல உப்பு. செடிக்கு பக்கத்துல வெச்சுட்டு தள்ளி நின்னுக்கணும்.